கண்டக்டர் இறங்காத கார்

எங்க எலுமிச்சந்தோப்புச் சந்துல எலுமிச்சையும் கிடையாது, தோப்பும் கிடையாது. இருக்கிறதெல்லாம் பதினேழு வீடு, ஒரே ஒரு கரண்டுக் கம்பம், அப்புறம் பதினோரு வருஷமா என் வாசல்ல நின்ன ஞானசேகரோட வெள்ளைக் காரு. சந்தோட அகலம் ஒம்பதடி, காரு அஞ்சே முக்கால் அடி, மிச்சம் இருக்கிற இடத்துல ஒரு ஆளு போகலாம், ஒரு மாடு போகலாம், கம்பத்துக்கிட்ட வரும்போது மாடும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். உசுருக்குப் போராடுற மனுசன் அதுல போக முடியாதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சது ஆவணி மாசம் ஒரு செவ்வாக்கெழமை காலையில.

அந்த மனுசன் என் வீட்டுக்காரரு பால்ச்சாமி. முப்பத்தோரு வருஷம் மதுரை டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்து, வாயில விசிலும் கையில டிக்கெட்டுமா நின்னே காலம் ஓட்டி, ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காந்தவரு. ஞானசேகரு சந்தோட கடைசி வீடு, டைல்ஸ் கடை வச்சிருக்கான். வீடு கட்டும்போது வரைபடத்துல கார் நிறுத்த அழகா ஒரு இடம் காட்டினான், அனுமதி கைக்கு வந்ததும் அந்த இடத்துக்குச் செவுரு வச்சு ரூமாக்கி வாடகைக்கு விட்டான். சரி, உன் வாசலுக்கு நேரா நிறுத்திக்கடான்னா, எவனோ ஒரு சோசியன் சொன்னானாம், தலைவாசலுக்கு எதுக்க கனமான இரும்பு நின்னா பொம்பளப் பிள்ளைக்கு வரன் தட்டிப் போகும்னு. அவன் பிள்ளைக்கு வரன் தட்டக் கூடாதுன்னா என் வாசல்தான் கிடைச்சுச்சு.

கேக்காம இருந்தோமா? நல்லபடியா கேட்டோம், கெஞ்சிக் கேட்டோம், ரெண்டு செம்பருத்தித் தொட்டிய வச்சுப் பாத்தோம், தொட்டிய ஏத்தி ஒடச்சுட்டு அதுக்கு மேலயே நிறுத்திட்டுப் போனான். எத்தன தடவ கதவத் தட்டினாலும் ஒரே பதில்தான், "ரெண்டே நிமிஷம்க்கா, இந்தா எடுக்குறேன்." ஒருநாள் எனக்கு வந்த கோவத்துல கோணி ஊசிய எடுத்துட்டு டயரப் பாத்துப் போனேன், எங்க வீட்டுக்காரருதான் கையப் பிடிச்சாரு. "வண்டி என்னடி பாவம் பண்ணுச்சு? அதுக்கு வாயா இருக்கு?"ன்னாரு. அவருக்கு எந்த வண்டியும் வாயில்லா ஜீவன்தான்.

அந்தச் செவ்வாக்கெழமை பத்தரை மணிக்கு அவரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சாரு. ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்துச்சு, அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். சந்துக்குள்ள வந்து காரோட மூக்குக்கிட்ட நின்னுபோச்சு. ஸ்ட்ரெச்சர் கம்பத்தத் தாண்டல. நான் ஞானசேகருக்குப் போன் அடிச்சேன். உள்ள தண்ணி விழுகுற சத்தம் கேக்குது. "குளிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா, ரெண்டே நிமிஷம்"னான். அவர பிளாஸ்டிக் நாற்காலியில வச்சு நாலு பேரு தூக்கினோம், காரோட பக்கக் கண்ணாடிக்கும் கம்பத்துக்கும் நடுவுல நாற்காலி சிக்கிக்கிச்சு, முன்னாலயும் போகல பின்னாலயும் வரல, என் கையப் பிடிச்சிருந்த கை அங்கதான் விட்டுச்சு. இருபது நிமிஷம் கழிச்சு ஈரத் தலையோட வந்தான். "அய்யய்யோ, இவ்வளவு அவசரம்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேனேக்கா"ன்னான். தப்பத் தூக்கி என் தலையில வச்சுட்டுத் தலைய துவட்டினான், பாவி.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நடுச்சந்துல, பதினேழு வீடும் கேக்க, "தப்பு என்னுதுதான்"னு அவன் வாய் சொல்லணும். அது வரைக்கும் அவன விடுறதா இல்ல.

மறுநாள் பாடை எடுக்கிற நேரம் காரு அங்கதான் நின்னுச்சு. எங்க சொந்தக்காரப் பயலுக அடிச்சுப்புடுவாங்கன்னு பயந்து, சாவியோட கொழுந்தியா வீட்டுக்கு ஓடிட்டான். கம்பத்துக்கும் காருக்கும் நடுவுல பாடை போகாது. காருக்கு மேல தூக்கினாங்க, தோளு வலிச்சுச்சு, காரு கூரை மேல சித்த நேரம் இறக்கி வச்சாங்க, கம்பத்து வயரு இடிக்குதுன்னு அப்படியே ஒரு சுத்துச் சுத்தி, தலைமாடு கால்மாடு மாத்தித் தூக்கினாங்க. அங்கதான் தப்பு நடந்துபோச்சு. சுடுகாட்டுக்குப் பாதி வழியில மேடை இருக்கு, அங்கதான் பாடைய இறக்கித் திருப்பணும்; செத்தவருக்கு வீட்டு வழி மறந்து மேல போறதுக்காக ஆதியிலேருந்து அப்படித்தான். சங்கு ஊதுறவரு "டேய் டேய், இங்க திருப்பாதீங்கடா"ன்னு கத்துறதுக்குள்ள திருப்பிட்டாங்க. முப்பத்தோரு வருஷம் ஸ்டாப்பிங் தப்பாத மனுசன், இறக்கித் திருப்பின இடம்தான் தன் இடம்னு நெனச்சுக்கிட்டாரு.

மூணாம் நாள் காலையில வாசத் தெளிக்க வந்தேன். காருக்குள்ள, பின் சீட்டுல, கதவோரம், கண்டக்டரு உக்காருற தினுசுல உக்காந்திருந்தாரு. கோடி வேட்டி, நெத்தியில ஒத்தக் காசு, நான் என் கையால கட்டின தாடைக்கட்டு. நான் வாளியக் கீழ வச்சுட்டு, "அங்க என்ன பண்றீங்க? காப்பி குடிச்சீங்களா?"ன்னேன். தாடைக்கட்டு இருக்கிறதால பேச முடியல, தலைய மட்டும் ஆட்டினாரு. கதவத் திறந்து கட்ட அவுத்து விடலாம்னா அந்தப் பின் கதவு எவன் இழுத்தும் திறக்கல.

சந்து இத ரெண்டு நாள்ல பழகிக்கிச்சு. வெள்ளைக்கண்ணு, அயர்ன் வண்டிக்காரரு, அவரு மொத நாள் கன்னத்துல போட்டுக்கிட்டாரு, ரெண்டாம் நாள் "என்ன கண்டக்டரே, வெக்கையா இருக்கா?"ன்னு கேட்டுட்டு, கண்ணாடிக்கு மேல ஒரு ஈரத் துண்டப் போட்டுவிட்டுப் போனாரு. பள்ளிக்கூடம் போற பிள்ளைக எல்லாம் பழைய நோட்டுத் தாளக் கண்ணாடி இடுக்குல சொருகும், அவரு விரல எச்சில் பண்ண முடியாம நெத்தி வேர்வையில தொட்டு, கிழிச்சு, ஆளுக்கு ஒரு டிக்கெட்டு குடுப்பாரு, அது இல்லாம எந்தப் பிள்ளையும் பரிச்சைக்குப் போகாது. கார ஓட்டிக்கிட்டு போயிறலாம்னு ஞானசேகரு சாவியப் போட்டான், வண்டி கம்முனு கிடந்துச்சு. மெக்கானிக்கு வந்து முன்னாடி திறந்து பாத்து எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. விக்கலாம்னு ஒரு ஆள கூட்டிட்டு வந்தான், அந்த ஆளு சுத்திப் பாத்தாரு, டயரு நல்லா இருக்குன்னாரு, பின் சீட்டப் பாத்தாரு, "ஆளு இருக்காரே சார், அவரு இறங்கினப்புறம் சொல்லுங்க"ன்னு போயிட்டாரு. இன்சூரன்ஸ்காரவுக பதினஞ்சு நாள் யோசிச்சு, உள்ள இருக்கிறவரு பயணியா சாமானான்னு எழுதிக் கேட்டாங்க.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வச்ச சோத்தக் காக்கா தொடல. மதில்ல வந்து உக்காந்து, சோத்தப் பாத்துச்சு, காரப் பாத்துச்சு, பறந்துபோச்சு. சடங்கு பண்ண வந்தவரு, "அவரா இறங்கணும்மா, இல்ல நீ இறக்கி விடணும். ரொம்ப நாள் வச்சிருக்கக் கூடாது"ன்னாரு. நான், "இருக்கட்டும்"னேன். ஏன் இறக்கணும்? உசுரோட இருந்தப்ப முதல் பஸ்ஸுக்குப் போயி கடைசி பஸ்ஸுக்கு வந்த மனுசன், இப்பத்தான் சாயங்காலம் நாற்காலிய இழுத்துப் போட்டு, ரெண்டு டம்ளர் காப்பி வச்சுக்கிட்டு, ஊருக் கதையெல்லாம் சொன்னா எந்திரிச்சுப் போகாமக் கேக்கிறாரு. அவரு உள்ள இருக்க இருக்க ஞானசேகரும் பஸ்ஸுக்கு நின்னு நசுங்கித்தான் கடைக்குப் போறான். எனக்கு ரெண்டு கண்ணும் குளுந்துச்சு.

வண்டி நகருற வித்தைய நான் தற்செயலாத்தான் கண்டேன். குப்பை வண்டி தள்ளுற ரோஸ்மேரி ஒருநாள் கம்பத்துக்கிட்ட சிக்கிக்கிட்டு, "கண்டக்டரம்மா, சாரு கிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்"னா. நான் உள்ள போயி, அவரு சட்டைப் பையிலேருந்து எடுத்து வச்சிருந்த விசில எடுத்துட்டு வந்து, ரெண்டு தடவ ஊதினேன். டவுன் பஸ்ல ரெண்டு விசிலுன்னா போலாம், ஒத்த விசிலுன்னா நிப்பாட்டு. காரு ஆளில்லாம உருண்டு சந்து முனைக்குப் போச்சு. அங்க ஒத்த விசிலு ஊதினேன், நின்னுச்சு. ரோஸ்மேரி போனதும் காரு தானாப் பின்னால உருண்டு வந்து, என் வாசல்ல, பழைய இடத்துலயே நின்னுக்கிச்சு.

அதுக்கப்புறம் இந்தச் சந்துக்கு ராணி யாருன்னு நெனைக்கிறீங்க? தண்ணி கொண்டு வர்ற குட்டியானை வண்டி, கேஸ் சிலிண்டரு, சீர் கொண்டு வர்றவுக, வீடு காலி பண்றவுக, எல்லாரும் என் கதவத் தட்டி, "கண்டக்டரம்மா, ஒரு விசிலு"ன்னு கேப்பாங்க, பஜ்ஜி சுட்டா எனக்கு ஒரு தட்டு வரும், மீன் குழம்பு வச்சா எனக்கு ஒரு கிண்ணம் வரும். இன்னொன்னும் நடந்துச்சு. கோணல்மாணலா பைக்க நிறுத்துறவன எங்க வீட்டுக்காரரு கண்ணாடி வழியா ஒரு பார்வை பாப்பாரு, படிக்கட்டுல தொங்குறவனப் பாப்பாரே, அதே பார்வை. மறுநாளே சந்துல இருக்கிற பைக்கு பூராவும் மதில ஒட்டி வரிசையா நின்னுச்சு. ஊருக்கெல்லாம் ஊதினேன். ஞானசேகரு வீட்டுக்கு மட்டும் ஊதல. அவன் கடைக்கு வந்த டைல்ஸ், அவன் வாங்கின பீரோ, அவன் பொண்டாட்டி சுகந்தி வரவழைச்ச சோபா, எது வந்தாலும் கதவுக்கு உள்ள இருந்தே, "ரெண்டு நிமிஷம்பா"ன்னுட்டு, நான் பாட்டுக்கு அரிசியில கல்லு பொறுக்குவேன். சோபா ஆறு நாள் சந்து முனையில மழையில நனைஞ்சுச்சு. அவன் வந்து நின்னு, "என்னக்கா வேணும் உங்களுக்கு?"ன்னான். "உனக்கே தெரியும்"னேன். தெரிஞ்சும் சொல்லல. தல போனாலும் திமிரு போகாத ஜென்மம்.

நடுவுல அவன் மக நிவேதா வந்தா. வரன் தட்டாம, அதான் என் வாசல அடைச்சு வாங்கின வரனாச்சே, நல்ல இடத்துல வாக்கப்பட்டு, வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தா. அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. சின்னப் பிள்ளையில எங்க வீட்டுக்காரரு பஸ்ஸுலதான் பள்ளிக்கூடம் போவா, கூட்டத்துல மிதிபடாம தன் சீட்டுலயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரு. வந்த அன்னைக்கே வயித்தத் தூக்கிக்கிட்டு மெதுவா நடந்து வந்து, கண்ணாடியில கைய வச்சு, "பெரியப்பா, என்னத் தெரியுதா?"ன்னா. அவரு விரல மூணு காட்டினாரு. அவ எறங்குற மூணாவது ஸ்டாப்பிங். பிள்ளை அழுதுட்டா. அப்புறம் தினமும் சாயங்காலம் வந்து, கையில அடுக்கியிருந்த வளையலக் கண்ணாடியில தட்டித் தட்டிப் பேசிக்கிட்டு இருப்பா. என்கிட்ட ஒரே ஒரு தடவ கேட்டா. "பெரியம்மா, அப்பா பண்ணது தப்புதான். ஆனா பெரியப்பாவுக்கு உள்ள இப்படியே உக்காந்து கால் மரத்துப் போகாதா?" நான் காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

பங்குனி மாசம் ஒரு வெள்ளிக்கெழமை மத்தியானம், வெயிலு மண்டையப் பொளக்குது, என் கதவு தடதடன்னு தட்டுச்சு.

"அக்கா! அக்கா, கதவத் திறங்க! நிவேதாவுக்குப் பனிக்குடம் ஒடஞ்சுருச்சு. ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகுமாம், ஆட்டோ சந்து முனைக்கு வெளிய நிக்குது, அவளால நடக்க முடியல, தூக்கிட்டு வந்தா கம்பத்து இடுக்குல நுழையல. ஒரு விசிலுக்கா. ஒரே ஒரு விசிலு!"

விசிலு என் கையிலதான் இருந்துச்சு. சொல்றேன், ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு: நான் ஊதணும்னுதான் நெனச்சேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆக நான் விடுவேனா? ஊதத்தான் போறேன். ஆனா ஏழு மாசமா நாக்கு நுனியில தயாரா வச்சிருந்த ஒரு வார்த்தை, அது கேக்காம வந்துருச்சு.

"குளிச்சுக்கிட்டு இருக்கேன்பா. ரெண்டே நிமிஷம்."

 நான் கதவுல முதுக வச்சுக்கிட்டு எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நூத்தி இருபது வரைக்கும், ஒண்ணு கூடவும் வேணாம், ஒண்ணு குறையவும் வேணாம். ரெண்டு நிமிஷம்னா எவ்வளவு நீளம்னு அவனுக்குத் தெரியணும். அதுல எத்தன மூச்சு, எத்தன துடிப்பு, கையப் பிடிச்சிருக்கிற கை எத்தன தடவ நழுவும்னு அவன் எண்ணிப் பாக்கணும். இருபது. முப்பது. அவன் பொண்டாட்டி அழுகுற சத்தம், நிவேதா "அம்மா"ன்னு பல்லக் கடிக்கிற சத்தம், வெள்ளைக்கண்ணு அயர்ன் பெட்டியப் போட்டுட்டு ஓடி வர்ற சத்தம், ஒவ்வொரு வீடாக் கதவு திறக்குற சத்தம். அம்பது.

அறுபத்தி ரெண்டுல ஞானசேகரு என் வாசப்படியில உக்காந்தான். உக்காந்த சத்தம் கேட்டுச்சு.

"தப்பு என்னுதுதான்க்கா." உள்ளுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லல, கத்தினான், சந்தே கேக்கக் கத்தினான். "நான் குளிக்கவே இல்லக்கா அன்னைக்கு. கொழாயத் திறந்து விட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தேன், வரும்போது தலைய மட்டும் நனைச்சுட்டு வந்தேன். எப்பப் பாரு கார எடு, கார எடுன்னு சொல்றாளே, கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு உக்காந்திருந்தேன். நான்தான் கொன்னேன். தப்பு என்னுதுதான்."

கேட்டுட்டேன். ஏழு மாசமா எதுக்குக் காத்திருந்தேனோ அது, நான் கேட்டதுக்கு மேலயே, பதினேழு வீடும் சாட்சியா என் காதுல விழுந்துருச்சு. கதவத் திறந்திருக்கலாம். திறக்கல. குளிக்கவே இல்லன்னு சொன்னானே, அது உள்ள எறங்கி எரிஞ்சுச்சு. இன்னும் நாப்பது பாக்கி இருக்குடா உனக்குன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு எண்ணினேன். எம்பத்தி ஒண்ணு. எம்பத்தி ரெண்டு.

தொண்ணூறு தாண்டினதும் சுகந்தி கத்தினா. "ஏங்க! பின் கதவு திறந்துருச்சு! இங்க வாங்க, அண்ணன் கதவத் திறந்து விட்டுட்டாரு!"

படியிலேருந்து அவன் எந்திரிச்சு ஓடினான். என் கை தாழ்ப்பாளுக்குப் போச்சு, போயி நின்னுச்சு. தொண்ணூத்தி ஆறு. தொண்ணூத்தி ஏழு. கையில இருந்த விசில அழுத்திப் பிடிச்சேன். விசிலு என்கிட்ட இருக்கு, நான் ஊதாம எங்க போவாருங்கற தெம்பு. நூறு.

நூத்தி மூணுல சீட்டிச் சத்தம் கேட்டுச்சு. விசிலு இல்ல, சீட்டி. நாக்க மடிச்சு, ரெண்டு தடவ. கல்யாணம் ஆன புதுசுல ஒருநாள் விசிலு தொலஞ்சுபோயி, பொழுதன்னைக்கும் நாக்காலயே சீட்டியடிச்சு பஸ்ஸ ஓட்டிட்டு வந்து, உதடு வீங்கி, நான் வெண்ணெ தடவி விட்ட அதே சீட்டி.  தாழ்ப்பாள இழுக்குறேன், அது பழைய தாழ்ப்பாளு, கதவத் தூக்கிப் பிடிச்சாத்தான் வரும், அது தெரிஞ்ச நானே இழுக்குறேன் இழுக்குறேன், வரல. திறந்து வெளிய விழுந்து வந்தப்ப காரு சந்து முனையில திரும்பிக்கிட்டு இருந்துச்சு. பின் கதவுக் கண்ணாடி வழியா ஒரு கை வெளிய நீண்டு, கதவுத் தகரத்த ரெண்டு தட்டு தட்டுச்சு. கூட்டம் ஏறிருச்சு, போலாம்னு டிரைவருக்குச் சொல்ற தட்டு. அவரு திரும்பிப் பாக்கல. வண்டி கிளம்பினப்புறம் எந்தக் கண்டக்டரும் ஸ்டாப்பிங்கத் திரும்பிப் பாக்க மாட்டாரு.

என் வாசல்ல, காரு நின்ன இடத்துல, நான் கட்டின தாடைக்கட்டு அவுந்து கிடந்துச்சு. நான் ரெண்டு தடவ ஊதினேன், ஒத்தத் தடவ ஊதினேன், நிப்பாட்டு நிப்பாட்டுன்னு மூச்சு முட்ட ஊதினேன். வெள்ளைக்கண்ணுதான் வந்து கையிலேருந்து விசில வாங்கினாரு. "விடுங்கம்மா, வண்டி போயிருச்சு"ன்னாரு.

பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு, ரெண்டு உசுரும் சுகம். பத்து நாள் கழிச்சு நிவேதா பிள்ளையத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டா. "வழியெல்லாம் என் தலையில கைய வச்சுக்கிட்டே வந்தாரு பெரியம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல மொத ஆளா இறங்கிக் கதவப் பிடிச்சாரு. நான் இறங்கித் திரும்பிப் பாத்தேன், ஆளு இல்ல"ன்னா. "என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாராடி? வாய்க்கட்டுத்தான் அவுந்துருச்சே"ன்னு கேட்டேன். பிள்ளை தலையக் குனிஞ்சுக்கிட்டா. "நீங்க வருவீங்கன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் எனக்கு வலி ஜாஸ்தியாயிருச்சு பெரியம்மா."

மறுநாள் மொட்டைமாடியில சோறு வச்சேன். காக்கா வந்து ஒரு பருக்கை விடாமத் தின்னுட்டுப் போச்சு, சனியன்.

ஞானசேகரு அந்த ரூமோட செவுர அவனே கடப்பாரையால இடிச்சு, கார உள்ள நிறுத்திட்டான். என்னப் பாத்தா நின்னு கும்பிடுறான். அவன மன்னிச்சுட்டேனான்னு ரோஸ்மேரி கேட்டா. மன்னிக்கலடி, ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்னு சொன்னேன். அவன் ஒத்துக்கிட்டப்புறமும் எண்ணினேனே, அந்த இருபத்தி மூணு எண்ணிக்கைக்கு என்னையே நான் மன்னிக்கல, அவன எங்க மன்னிக்கிறது?

பதினோரு வருஷம் நானும் அவரும் சண்டை போட்டுக் கேட்ட இடம் இப்பக் காலியாத்தான் கிடக்கு. சாயங்காலம் ஆனா ரெண்டு டம்ளர்ல காப்பி ஊத்திக்கிட்டு, நாற்காலிய எடுத்துட்டுப் போயி, காரு நின்ன அதே இடத்துல, நட்டநடுவுல போட்டு உக்காந்துக்குறேன். தண்ணி வண்டிக்காரன் வர்றான், ஆரன் அடிக்கிறதில்ல, இறங்கி வந்து பக்கத்துல நிக்கிறான்.

"ரெண்டு நிமிஷம்பா"ன்னு சொல்றேன்.

நிக்கிறான்.